காஜா எடுக்கிற இடம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தில் கிளஸ்டரை, அதாவது பெரிய கணக்குகளுக்காக ஒன்றாகக் கோத்த கம்ப்யூட்டர் கூட்டத்தை, பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஜாப் (அவர்கள் தரும் கணக்கு வேலை) ஓட்டிக் கொடுப்பது, சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது, ஜாப்கள் காத்திருக்கும் கியூ ஏன் நகரவில்லை என்று திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் இதே வேலையில் இருப்பவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளில் தேடிப்பிடித்து, மாதம் ஒரு முறை கூடலாம் என்று தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு 35 பேர். ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசுவார். இப்போது ஆறேழு பேர்தான் வருகிறார்கள். போன மாதம் பேச ஆளே கிடைக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பண்டிகை வாழ்த்துகள் மட்டும் தவறாமல் வருகின்றன. பாதிப் பேர் ஒப்பந்த ஊழியர்கள், பழகுவதற்குள் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். வெளிநாட்டில் இந்த மாதிரிக் குழுக்கள் பத்துப் பதினைந்து வருடமாக ஓடுவதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். எப்படி? எங்களுடையதை மூடிவிடலாமா?

பி.கு.: ஒரு மாணவியின் பைதான் நிரல் அவர் லேப்டாப்பில் 20 நிமிடத்தில் முடிகிறது. எங்கள் கிளஸ்டரில் 40 கோர் (சிப்பில் கணக்குப் போடும் பகுதிகள்) கொடுத்து, 40 ப்ராசஸாக, அதாவது தனித்தனி ஓட்டங்களாக, பிரித்து ஓட்டினால் மூன்று மணி நேரம் ஆகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன்.

மூட வேண்டாம். ஸ்லைடை மட்டும் மூடிவிடுங்கள்.

அந்த 35 பேரில், மேடையேறிப் பேச நம்மிடம் ஏதோ இருக்கிறது என்று நினைப்பவர்கள் எட்டுப் பேர் இருந்திருப்பார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். மற்ற 27 பேருக்கு உங்கள் கூட்டத்தில் என்ன வேலை? கை தட்டுவது, டீ குடிப்பது. அந்த டீ அவர்கள் ஆபீஸ் வாசலிலேயே கிடைக்கும்.

உங்கள் குழு போன்றவற்றுக்கு ‘தொழிற்குழு’ என்று ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளலாம், எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரே வேலையைச் செய்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் கூட்டம், அவ்வளவுதான். இந்தக் கருத்துக்கு உருக்கொடுத்து 1991-இல் எழுதியவர்கள் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இருவர். இதில் லேவ் மானுடவியலாளர். லைபீரியாவில் தையல்கடைகளில் உட்கார்ந்து பையன்கள் எப்படித் தொழில் பழகுகிறார்கள் என்று கவனித்தவர். அங்கே பையனிடம் முதலில் கத்தரிக்கோலைத் தர மாட்டார்கள். பட்டன் வைப்பது, தைத்து முடித்த துணிக்கு இஸ்திரி போடுவது என்று கடைசி வேலைகளில் தொடங்குவான். அப்புறம் தையல். துணி வெட்டுவது கடைசியில்தான். முடிந்த சட்டை கையில் புரண்டுகொண்டே இருப்பதால், எங்கே தையல் வரும், எங்கே வெட்டியிருப்பார்கள் என்பது யாரும் சொல்லாமலே அவனுக்குப் பிடிபடுகிறது. தப்புச் செய்தாலும் நஷ்டம் ஒரு பட்டன்.

நம் ஊர்த் தையல்கடையில் காஜா எடுக்கும் பையனைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்கள் கூட்டத்தில் காஜா எடுக்கிற இடம் எது? வந்த முதல் நாளே ஒருவர் செய்யக்கூடிய சின்ன, ஆனால் உண்மையான வேலை எது? எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றுதான் இருக்கிறது: ‘இந்த மாதம் என்னிடம் வந்து, நான் முழித்த ஒரு டிக்கெட்’ (உதவி கேட்டு வந்த புகார்) என்று ஐந்து நிமிடம் சொல்வது. விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதே வேலையை 14 வருடம் பார்த்தவன் நான். ஒரு திங்கட்கிழமை எங்கள் கிளஸ்டர் மொத்தமும் இழுத்துக்கொண்டு நின்றது. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையை அடித்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தால்தான் பட்டியல் வரும். டிஸ்க்கைச் சந்தேகப்பட்டோம், கேபிளை மாற்றினோம், ஸ்விட்சை அணைத்துப் போட்டோம். பேராசிரியர்கள் வரிசையாக போன். புதன்கிழமை, வேறொரு பல்கலைக்கழகத்தில் எனக்குப் பழக்கமான ஒருவரை அழைத்துப் புலம்பினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்களிடம் யாராவது புதிதாக ஜீனோம் வேலை ஆரம்பித்திருக்கிறார்களா?”

ஆரம்பித்திருந்தார். ஒரு மாணவர் ஒரே ஃபோல்டரில் 30 லட்சம் குட்டிக் கோப்புகளை எழுதித் தள்ளியிருந்தார், ஒவ்வொன்றும் இரண்டு கிலோபைட். எங்களுடையது லஸ்டர் என்ற, கிளஸ்டர்களுக்கான கோப்பு அமைப்பு. பெரிய கோப்பு எத்தனை டெராபைட் ஆனாலும் அது பல டிஸ்க்குகளில் பிரித்துப் போட்டு அசராமல் விழுங்கும். ஆனால் கோப்பின் பெயர், உரிமை, இருப்பிடம் ஆகியவற்றுக்கு அங்கே ஒரே ஒரு மெட்டாடேட்டா சர்வர்தான் இருந்தது. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட இலை போட்டிருக்கிறது, ஆனால் வாசலில் ஒரே ஆள் டோக்கன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை ஒன்றாகக் கட்டி, ஜாப் ஓடும் நோடின், அதாவது கிளஸ்டரின் அந்த ஒரு கம்ப்யூட்டரின், சொந்த டிஸ்க்கில் பிரித்து வேலை செய்யச் சொன்னோம். மதியத்துக்குள் எல்லாம் சரி.

டிஸ்க், கேபிள், சர்வர் பற்றியெல்லாம் எங்களிடம் கையேடு இருந்தது. ‘புதிதாக யார் வந்தார்கள்?’ என்ற கேள்வி அதில் இல்லை. அதற்கு முந்தைய வருடம் அதே தொல்லையில் திட்டு வாங்கியதால் அது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் நான் தயங்காமல் புலம்ப முடிந்ததற்குக் காரணம், எட்டு மாதத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதுதான். 1980-களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்பவர்களோடு சுற்றி இதையேதான் பார்த்தார். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு மேசையில் கதையாகச் சொல்லிச் சொல்லித்தான் தீர்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது வெட்டி அரட்டை.

நம் ஊரில் இதற்கு ஒரு தடை உண்டு. தன் தப்பைச் சபையில் சொல்ல யாருக்கும் வாய் வராது, அதிலும் வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியவருக்கு வரவே வராது. ஆகவே டைரக்டர், டீன் யாரையும் அழைக்காதீர்கள். குத்துவிளக்கு, பொன்னாடை எதுவும் வேண்டாம். முதல் கூட்டத்தில் ஊரார் தப்பிலிருந்து தொடங்குங்கள். 2021 டிசம்பரில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட் அழிந்தது. சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆராய்ச்சிக் குழுக்களுடையவை. பழைய லாக் (பதிவு) கோப்புகளை நீக்க வேண்டிய ஒரு ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகள் எழுதிய கோப்பு), அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மேலெழுதிவிட்டார்கள். அதை ஓட்டும் பாஷ் ஒரு ஸ்கிரிப்டை மொத்தமாகப் படித்து வைத்துக்கொள்வதில்லை, ஓட ஓடப் படிக்கும். பாதியில் புதிய கோப்பிலிருந்து படித்தது, மாறிகள் காலியாக இருந்தன, அழிக்கும் கட்டளை இருக்கக்கூடாத இடத்தில் ஓடியது. பல்கலைக்கழகம் இதை மறைக்காமல் வெளியிட்டதால்தான் நமக்கெல்லாம் தெரிகிறது. இதைச் சொல்லி முடித்துவிட்டு, “நம்மில் யாரெல்லாம் ஓடுகிற ஸ்கிரிப்டைத் திருத்தியிருக்கிறோம்?” என்று கேளுங்கள். முதல் கையை நீங்களே தூக்குங்கள். (நான் தூக்குவேன். இரண்டு கையும்.)

அப்புறம், வெளிநாட்டுக் குழுக்கள் எப்படி நீடிக்கின்றன என்ற கேள்வி. அங்கேயும் நிறைய செத்திருக்கின்றன, செத்தவற்றைப் பற்றி நாம் படிப்பதில்லை. நீடித்ததில் எனக்கு நன்றாகத் தெரிந்தது ‘கேம்பஸ் சாம்பியன்ஸ்’. 2008-இல், பல்கலைக்கழகங்களுக்குச் சூப்பர் கம்ப்யூட்டர் வசதி தந்த அமெரிக்காவின் டெராகிரிட் திட்டத்தில் தொடங்கியது. சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியிலும் ஒருவராவது அந்த வசதியைப் பயன்படுத்த மற்றவர்களுக்கு உதவுவார், சாம்பியன் என்பதற்காகத் தனிச் சம்பளம் கிடையாது. 2011-இல் டெராகிரிட் போய் எக்ஸ்சீட் வந்தது, 2022-இல் அதுவும் முடிந்து ஆக்சஸ் வந்தது. பணம் கொடுத்த திட்டம் இரண்டு முறை மாறியும் சாம்பியன்கள் கலையவில்லை. ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை: கூட்டத்துக்கு நாள் குறிப்பது, வராதவரைக் கூப்பிட்டு விசாரிப்பது, புதிதாக வந்தவரைப் பழையவரோடு கோத்துவிடுவது போன்ற சில்லறை வேலைகள் சிலருடைய சம்பள வேலையிலேயே இருந்தன. உங்கள் குழுவில் அது உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. இன்னும் ஒரு வருடம் தாங்குவீர்கள்.

ஆகவே பொறுப்புப் பேராசிரியரிடம் பணம் கேட்காதீர்கள், ஆபீஸ் ஆர்டர் கேளுங்கள். மாதம் நான்கு மணி நேரம், இருவருக்கு, இரண்டு வெவ்வேறு கல்லூரிகளில். கூட்டத்துக்கு வருபவருக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அன்றைக்கு வேலையில் இருந்ததாகவே கணக்கு) கிடைக்க ஒரு கடிதம். சொந்த விடுப்பு எடுத்து ஒருவர் எத்தனை மாதம் வருவார்?

ஒப்பந்த ஊழியர்கள் போய்விடுவதை நீங்களோ நானோ தடுக்க முடியாது. போனவரைக் குழுவிலிருந்து எடுக்காதீர்கள், அதைத்தான் சொல்ல முடியும். பெயர் விஷயமும் கொஞ்சம் உண்டு. பிரிட்டனில் ஆராய்ச்சிக்கு நிரல் எழுதுபவர்கள் ஆய்வாளர் என்றும் இல்லை, ஊழியர் என்றும் இல்லை என்ற நிலையில் ஒளிந்து கிடந்தார்கள். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு பட்டறையில் ‘ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 2016-இல் மான்செஸ்டரில் மாநாடு, 2019-இல் பதிவு பெற்ற சங்கம், அப்புறம் பல பல்கலைக்கழகங்களில் அதே பெயரில் பதவி. உங்கள் ஆட்களில் ஒருவர் சிஸ்டம் அட்மின், ஒருவர் டெக்னிக்கல் ஆபீசர், ஒருவர் புராஜெக்ட் ஸ்டாஃப், ஒருவர் லேப் அசிஸ்டென்ட் என்றுதான் இருப்பார்கள், வேலை எல்லோருக்கும் ஒன்றே. இது இன்றைக்கே செய்ய வேண்டியது இல்லை.

சரி, அந்த மாணவியின் நிரல். நம்பை (NumPy), சைபை (SciPy) என்ற பைதான் கணிதத் தொகுப்புகளைப் பயன்படுத்துகிறாரா? அப்படியென்றால் அடியில் இருக்கும் கணித நூலகம் தானாகவே, கண்ணில் படும் கோர் எத்தனையோ அத்தனை த்ரெட்களை (ஒரே ப்ராசஸுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) திறக்கும். அவர் 40 ப்ராசஸ் ஓட்டினால், ஒவ்வொன்றும் 40 த்ரெட் திறந்தால், 40 கோருக்கு 1,600 த்ரெட் அடித்துக்கொள்கின்றன. நோடில் ‘டாப்’ (top) கட்டளை போட்டு லோடு ஆவரேஜை, அதாவது எத்தனை வேலைகள் கோருக்கு முட்டிக்கொள்கின்றன என்பதை, பாருங்கள், 40-ஐத் தாண்டி எங்கோ போயிருக்கும். ஜாப் ஸ்கிரிப்டில் பைதானை அழைக்கும் வரிக்கு முன்னால் ‘ஓஎம்பி நம் த்ரெட்ஸ்’ (OMP_NUM_THREADS) என்ற சூழல் மாறியை 1 என்று வையுங்கள். சரியாகிவிட்டால் எனக்கு எழுத வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணையே வரச்சொல்லி, ஐந்து நிமிடம் அவரையே சொல்லச் சொல்லுங்கள். சரியாகாவிட்டாலும் அப்படியே.