"போட்டாச்சு கண்ணு" என்கிறார் அப்பா... அட்டையில் மாத்திரை அப்படியே இருக்கிறது!

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார். ஏழு மாதத்துக்கு முன்பு மாரடைப்பு வந்து, சேலத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். காலையில் மூன்று, ராத்திரி இரண்டு மாத்திரை. முதலில் ஒழுங்காகத்தான் போட்டார். ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போனபோது பார்த்தால், தீர்ந்திருக்க வேண்டிய ராத்திரி மாத்திரை அட்டையில் பாதி மிச்சம். "எனக்கு இப்ப என்ன கேடு? தோட்டமே ஏறி எறங்கறேன்" என்கிறார். தினமும் போன் செய்து கேட்கிறேன். "போட்டாச்சு கண்ணு" என்பார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பேசாமல் பொடித்து ரசத்தில் கலந்து கொடுக்கச் சொல்லலாமா? மாத்திரை நேரத்தைச் சொல்லும் செல்போன் ஆப் உதவுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: ரசத்தில் கலக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள், மகளே. இதய மாத்திரைகளில் சில, உடம்புக்குள் மெதுவாகக் கரைவதற்கென்றே செய்தவை. ஆஸ்பிரின் மாத்திரை பலவற்றில் வயிற்றைக் காப்பாற்ற மேலே ஒரு பூச்சு இருக்கும். பொடித்தால் அந்த ஏற்பாடெல்லாம் வீண். அதோடு, விஷயம் ஒருநாள் அப்பாவுக்குத் தெரியவந்தால் அம்மா வைக்கும் சாப்பாட்டையே சந்தேகமாகப் பார்ப்பார்.

உங்கள் பயம் நியாயமானது. ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைத்த உலோக வலை. அதன்மேல் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு மருந்தும் தருகிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு இந்த இரண்டையும் சேர்த்து வழக்கமாக ஒரு வருடம் போடச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் ஏழாவது மாதத்தில் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளக்கூடும். இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மெட்டோபிரோலால் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. நெஞ்சுவலி திரும்ப வரலாம்.

ஆனால் இதையெல்லாம் அப்பாவிடம் தினமும் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பயம் ஒரு வாரம் வேலை செய்யும், அவ்வளவுதான். பிறகு அவருக்கு மாத்திரையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். டாக்டர் வாயால் ஒரே ஒருமுறை சொல்லவையுங்கள்: "நீங்க நல்லா இருக்கறதுக்குக் காரணமே இந்த மாத்திரைதான்."

இனி போனில் "போட்டீங்களாப்பா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "போட்டாச்சு" என்ற ஒரே பதில்தான் வரும். மகளிடம் திட்டு வாங்க எந்த அப்பாவுக்கு மனசு வரும்? அடுத்த முறை நேரில் போகும்போது, இரண்டு பேரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், "நெறையப் பேருக்கு ராத்திரி மாத்திரை விட்டுப்போகுதாம்ப்பா, உங்களுக்கு வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது?" என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம் என்று நீங்களே சொல்லிவிடுவதால், மறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்காது. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

அப்போதுதான் நிஜமான காரணம் வெளியே வரும். நெஞ்செரிச்சல் இருக்கலாம். மேடு ஏறும்போது தலை சுற்றலாம். ராமிபிரில் வகை ரத்த அழுத்த மாத்திரையால் வறட்டு இருமல் வந்திருக்கலாம். இதையெல்லாம் வீட்டு ஆண்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மாத்திரையை ஓசைப்படாமல் நிறுத்திவிடுவார்கள். மாற்று மருந்து உண்டு, வயிற்றுக்குத் துணை மாத்திரை உண்டு. டாக்டரிடம் சொன்னால் தீர்ந்துபோகிற சங்கடங்கள் இவை.

வெறும் மறதி என்றால் ஆப்பை நம்பி இருக்காதீர்கள். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,500 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. திறந்தால் தகவல் அனுப்பும் மாத்திரை டப்பா, ஒழுங்காகப் போட்டவர்களுக்குப் பரிசுக் குலுக்கல் என்று எல்லாம் கொடுத்தார்கள். அப்படியும் அவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது குறையவில்லை. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 800 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வு 2016-இல் வந்தது. அதில் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளிகளைச் சந்தித்துப் பேசினார்கள், குறித்துவைக்க டைரி கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் அதிகம் பேர் மருந்தை விடாமல் எடுத்திருந்தார்கள். எனக்கும் மனிதர்கள்மேல்தான் நம்பிக்கை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரையோடு வீடு வீடாக வரும் தன்னார்வலர் உங்கள் ஊருக்கும் வருகிறாரா என்று விசாரியுங்கள். அப்பாவிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லுங்கள். மகள் சொல்லாததையா அவர் சொல்லிவிடப் போகிறார் என்று நினைக்காதீர்கள். வெளியாள் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

மிச்சம் இருப்பது ராத்திரி மாத்திரை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தோட்டத்திலிருந்து களைத்து வந்து, சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். மாத்திரை அலமாரியில் இருக்கும். அதை அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். "சாப்பிட்டுக் கை கழுவினதும் மாத்திரை" என்ற வாக்கியத்தை நீங்கள் சொல்லாதீர்கள், அவரையே சொல்லவையுங்கள். எப்போது, எதை முடித்ததும் என்று ஒருவர் தானே முடிவு செய்தால் அது நடக்க வாய்ப்பு அதிகம் என்பது உளவியலில் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். பழக்கம் படிய நாளாகும். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி 66 நாள். சிலருக்கு இன்னும் எவ்வளவோ அதிகம். நடுவே ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடாது. விட்டதற்குச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு எழுத்து வேண்டாம். இரண்டு டப்பா வாங்கி, ஒன்றில் சூரியன், ஒன்றில் நிலா வரைந்து ஒட்டுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிப் போடாதீர்கள். ஏற்காட்டுப் பனிக்கு ஈரம் ஏறிவிடும். உறையோடு கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, ஒரு வாரத்துக்குப் போட்டுவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நிலா டப்பா காலியா இல்லையா என்று அம்மா பார்த்தால் போதும். உங்கள் தினசரி விசாரணைக்கு வேலையில்லை. போனில் மிளகு விலையைப் பேசுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மாத்திரை தீர்ந்தால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும் என்றால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றுதான் தோன்றும். நீங்கள் கீழேதான் இருக்கிறீர்கள். சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பத்து நாளைக்கு மிச்சம் இருக்கும்போதே வாங்கி அனுப்பிவிடுங்கள். காப்பிப் பழம் எடுக்கும் மாதங்களில் அவரை எதிர்பார்க்கவே வேண்டாம், முன்னாடியே சேர்த்து வாங்குங்கள். செலவு இடித்தால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே மருந்து மலிவாகக் கிடைக்கிறதா பாருங்கள். அப்படி வாங்கும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். பழையது வேறு, புதியது வேறு என்று நினைத்து இரண்டையும் போட்டுவிடப் போகிறார். பழைய அட்டையை எடுத்துவிட்டு, புதியதைக் கையில் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த செக்கப்புக்கு மிச்சம் இருக்கும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை விட்டுப்போயிருக்கிறது என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டிவிடக்கூடும். "ராத்திரி மாத்திரையையும் காலையிலேயே போடலாமா?" என்று அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற சில மாத்திரைகளை எந்த வேளையிலும் போடலாம். டாக்டர் சரி என்றால், நிலா டப்பாவுக்கே தேவை இருக்காது.