பொலிஷ் ஏறாத சந்திரகாந்தக் கல்லுக்குப் புதுப் பவுடர் தேவையில்லை

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐயா, நான் பாடசாலை ஆசிரியர். தாத்தா பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்தவர். அவர் விட்டுப்போன தகர டப்பாவில் கொஞ்சம் கல் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் நானே தேய்த்து அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் மோதிரம், பென்டன் செய்து கொடுக்க ஆசை. கத்தி தீட்டும் பெஞ்ச் கிரைண்டரில் ஒரு சந்திரகாந்தக் கல்லை முட்டை வடிவமாகத் தேய்த்தேன். மாற்றி மாற்றிப் பொலிஷ் பவுடர் போட்டும் பளபளப்பு வரவில்லை. கோடு கோடாக மங்கித் தெரிகிறது. முதலில் இருந்த நீல ஒளியும் ஓரமாக ஒதுங்கிவிட்டது. எந்தப் பவுடர் வாங்கலாம்? சாம்பல் நிறக் கல் ஒன்றில் நட்சத்திரம் மாதிரி ஏதோ தெரிகிறது. அதையும் இப்படியே தேய்க்கலாமா?"

தம்பி, புதிதாகப் பவுடர் எதுவும் வாங்காதீர்கள். கையில் இருப்பவற்றில் சீரியம் ஒக்சைட் இருந்தால் சந்திரகாந்தக் கல்லுக்கு அதுவே போதும். உங்கள் கல் பொலிஷ் போடும்போது கெடவில்லை, அதற்கு வெகு முன்னாலேயே கெட்டுவிட்டது. கல்லின் எந்தப் பக்கம் அடியாக வரவேண்டும் என்று பார்க்காமல் தேய்க்கத் தொடங்கியதில் நீல ஒளி ஒதுங்கிப் போனது. கரடான சக்கரம் போட்ட கீறலை அழிக்காமல் பவுடருக்குத் தாவியதில் பளபளப்பு போனது.

முதலில் கீறலைப் பார்ப்போம். நம்பர் கூடக் கூடத் துகள் சின்னதாகும். 80 நம்பர் சக்கரத்தின் துகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.2 மி.மீ. இருக்கும். பொலிஷ் பவுடரின் துகளோ சில மைக்ரோன்தான் (ஒரு மைக்ரோன் என்பது மி.மீ.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). பெரிய துகள் வெட்டிய பள்ளத்தைச் சின்னத் துகளால் நிரப்ப முடியாது. பள்ளத்தின் விளிம்பை மட்டும் அது வழவழப்பாக்கும். அதனால்தான் நீங்கள் தேய்க்கத் தேய்க்கக் கோடுகள் இன்னும் பளிச்சென்று தெரிகின்றன. 220, 400, 600, 1200, 2000 என்று படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். ஒவ்வொரு நம்பரின் வேலையும் முந்தைய நம்பரின் கீறலை அழிப்பது, அவ்வளவுதான். 220 முடிந்து 600க்குப் போகும் இடத்தில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். என் கணக்கில் ஒரு கல்லுக்குச் செலவாகும் நேரத்தில் பாதி அங்கேதான் போகவேண்டும்.

கீறல் போய்விட்டதா என்று ஈரக் கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் பள்ளத்தை நிரப்பி நன்றாக இருப்பதுபோல் காட்டும். கல்லைத் துணியால் ஒற்றி, ஊதிக் காயவைத்து, டியூப் லைட்டின் கீழே சரித்துப் பிடியுங்கள். விளக்கின் பிரதிபலிப்பு வெள்ளைக் கோடாகக் கல்லின் முதுகின் மேல், அதாவது குவிந்த மேற்பக்கத்தில், விழும். கல்லை மெல்லச் சாய்த்தால் அந்தக் கோடு நகரும். வளைவு சரியாக இருந்தால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். தட்டையான இடம் வந்தால் உடையும், அல்லது ஓரிடத்தில் நின்று திடீரென்று தாவும். அந்த இடத்தில் குறி வைத்துக்கொண்டு மறுபடி 220க்குத் திரும்புங்கள். தட்டை இடத்தை 600இல் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. இன்னொரு நல்ல வழக்கம்: நம்பர் மாறும்போது தேய்க்கும் திசையையும் மாற்றுங்கள். முன்பு நெடுக்காகத் தேய்த்திருந்தால் இப்போது குறுக்காக. பழைய கீறல் மிஞ்சியிருந்தால் புதியதற்குக் குறுக்கே தனியாகத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நம்பருக்கும் இடையில் கல்லை மட்டும் கழுவினால் போதாது. கை, நகக்கண், கல்லை ஒட்டிப் பிடிக்கும் குச்சி, துணி எல்லாவற்றையும் கழுவுங்கள், தண்ணீரையும் மாற்றுங்கள். 220இன் ஒரே ஒரு துகள் 1200 வோட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில்) ஏறிவிட்டால் மாலை முழுக்கச் செய்த வேலை போய்விடும்.

இனி நீல ஒளி. சந்திரகாந்தக் கல்லுக்குள் பெல்ஸ்பார் என்ற கனிமத்தின் இரண்டு வகைகள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகளாக மாறி மாறிப் படிந்திருக்கும். ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் அந்த நீலம் மிதப்பதுபோல் தெரிகிறது. அடுக்குகள் அடிப்பக்கத்துக்குச் சமாந்தரமாக இருந்தால் ஒளி நடு உச்சியில் நிற்கும், சரிந்திருந்தால் ஓரத்துக்கு ஓடிவிடும். ஆகவே தேய்க்கும் முன்பே கரட்டுக் கல்லின் மேல் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு பல்பின் கீழே திருப்பித் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் கரட்டு மேற்பரப்பை மறைத்து உள்ளே இருப்பதைக் காட்டும். நீலம் நேராக உங்களைப் பார்க்கும் பக்கம்தான் முதுகு. அதற்கு எதிர்ப்பக்கம் அடி. (நீலம் கொண்ட சந்திரகாந்தக் கல்லுக்குப் பேர் போனது அம்பலாங்கொடைக்கு அருகே உள்ள மீட்டியாகொடை. தாத்தா யாரிடமாவது மாற்றிக்கொண்டிருக்கக்கூடும்.)

உங்கள் கல் ஓரளவு தடிப்பாக இருந்தால் இப்போதும் காப்பாற்றலாம். ஒரு தட்டில் கோதுமை மா உருண்டை வைத்து அதில் கல்லைப் பதியுங்கள். பல்பு நேர் மேலே இருக்கட்டும். ஒளி நடு உச்சிக்கு வரும்வரை கல்லைச் சாய்த்து அப்படியே நிறுத்துங்கள். ஒரு துண்டு அலுமினியக் கம்பியைக் கூராக்கி, அதைத் தீப்பெட்டியின் மேல் கிடையாக வைத்துப் பிடித்துக்கொண்டு, கல்லைச் சுற்றி ஒரே உயரத்தில் கோடு இழுங்கள். பென்சில் கோடு தண்ணீரில் போய்விடும், அலுமினியக் கோடு போகாது. அந்தக் கோடுதான் புதிய அடி. கண்ணாடித் துண்டின் மேல் வோட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டு, கோடு வரை தட்டையாகத் தேய்த்துவிடுங்கள். கல் சிறிதாகும், வடிவத்தையும் மறுபடி சீராக்க வேண்டும். ஆனால் நீலம் நடுவில் வந்துவிடும். முதுகைக் கொஞ்சம் உயரமாகவே விடுங்கள். மிகத் தட்டையாக்கினால் ஒளி பரவி வெளிறிவிடும்.

வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவில் இந்தக் கல்லின் கடினம் 6 முதல் 6.5 வரைதான். அதோடு ஏறக்குறைய செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இரண்டு திசைகளில் எளிதில் பிளக்கும். ஆகவே 80 நம்பரை இதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், 220இல் தொடங்குங்கள். அடி விளிம்பில் சுற்றிவர அரை மி.மீ. அளவுக்குச் சரிவாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். பொலிஷ் போடும்போது பவுடர் தடவிய தோல் துண்டு ஈரமாகவே இருக்கட்டும். சூடேறினாலும் கல் வெடிக்கும்.

இப்போது அந்தக் கிரைண்டர். தயவுசெய்து அதில் இனிக் கல் தேய்க்க வேண்டாம். அதன் சாம்பல் நிறச் சக்கரம் இரும்புக்கானது. வேகமும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 சுற்று. கல் தேய்க்க அதில் பாதி வேகமே போதும். உலர் சக்கரத்தில் தேய்ப்பது ஆபத்து, அதை நனைத்துத் தேய்ப்பது இன்னொரு ஆபத்து: நின்றுபோன சக்கரத்தின் ஒரு பக்கம் தண்ணீரை உறிஞ்சிப் பாரம் கூடினால், அடுத்த முறை ஓடும்போது சமநிலை தவறி உடைந்து சிதறலாம்.

அதைவிடப் பெரியது தூசி. குவார்ட்ஸ் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் தழும்பு விழும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஒருமுறை விழுந்த தழும்பு மறையாது. பொழுதுபோக்குக்காகச் செய்பவருக்கும் அதே நுரையீரல்தான். எந்தக் கல்லானாலும் தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்க்க வேண்டும். சக்கரத்தில் தேய்த்தால் என்95 முகக்கவசமும் போடுங்கள், தெறிக்கும் நீர்த்துளியிலும் தூசி உண்டு. காம்பராவிலோ குசினியிலோ வேண்டாம், இஸ்தோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சேறு காயுமுன் ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினால் அடக்கிய தூசி எல்லாம் எழும்பிவிடும். சேற்றைக் குழாயிலும் ஊற்றாதீர்கள், அடியில் படிந்து இறுகிவிடும்.

சக்கரமே இல்லாமலும் தொடங்கலாம், உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். வாகனத்துக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் வாங்கும் வோட்டர் பேப்பர் ஹாட்வெயார் கடையில் 220 முதல் 2000 வரை கிடைக்கும். பழைய ரப்பர் செருப்பின் அடியைத் துண்டாக வெட்டி அதன்மேல் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்கிக்கொடுப்பதால் தாள் முதுகின் வளைவோடு போகும், தட்டை விழாது. சந்திரகாந்தம், குவார்ட்ஸ், கோமேதகம் எல்லாம் இப்படிக் கையாலேயே முடியும். நேரம் எடுக்கும், ஆனால் கரண்டும் தேவையில்லை, சத்தமும் இல்லை. பிறகு ஆசை வளர்ந்தால் நிமிடத்துக்கு 1,425 சுற்று ஓடும் மோட்டரும் வைரத்தூள் பூசிய சக்கரமும் வாங்கலாம். அப்போது எர்த்தும் ட்ரிப் சுவிச்சும் சரியாக இருக்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டே பூட்டுங்கள். பழைய லயத்து வயரிங்கை நம்பித் தண்ணீரோடு மோட்டர் ஓட்டக்கூடாது.

கல்லைக் குச்சியில் ஒட்டுவதற்கு நம்மூர்க் குளிர் ஒரு தொந்தரவு. அரக்கை உருக்கிக் குளிர்ந்த கல்லில் வைத்தால் தொட்ட இடத்திலேயே இறுகிவிடும், பிடிக்காது, தேய்க்கும்போது கல் பறந்துவிடும். கல்லைத் தகரத் துண்டில் வைத்து, கீழே மெழுகுவர்த்தியை எட்டப் பிடித்து மெதுவாகச் சூடாக்குங்கள். அரக்கு தானாகக் கல்லின் மேல் படர்ந்தால் சூடு சரி. முடிந்தபிறகு குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறையில் கால் மணி நேரம் வைத்தால் தட்டாமலே கழன்றுவிடும். சந்திரகாந்தத்துக்கு மட்டும் இந்தச் சூடும் குளிரும் வேண்டாம். சுப்பர் குளூவால் ஒட்டி, அசற்றோனில் ஊறவைத்துக் கழற்றுங்கள்.

டப்பாவில் கறுப்பாகத் தெரியும் கோமேதக வகைக் கல் இருந்தால் பல்பின் முன் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் சிவப்போ தேன் நிறமோ தெரிந்தால், தடிப்பைக் குறைத்து அடியைச் சற்றுக் குழித்துவிட்டால் உள்ளே ஒளி புகும். இப்படிக் கறுத்த கல்லின் அடியைக் குழிப்பது பழைய கைவேலைக்காரர்கள் காலம் காலமாகச் செய்துவந்த வேலை.

கடைசியாக அந்த நட்சத்திரக் கல். அதை இப்படியே தேய்க்கக் கூடாது. அது குருந்தமாக (நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் சேர்ந்த கனிமம்) இருந்தால் கடினம் 9. உங்கள் கிரைண்டர் சக்கரமும் அலுமினியம் ஒக்சைட், நீலக்கல்லும் அலுமினியம் ஒக்சைட், ஒன்று மற்றதைச் சரியாக வெட்டாது. வைரத்தூளே வேண்டும். உள்ளே ரூட்டைல் என்ற கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் மூன்று திசைகளில் 60 பாகைக் கோணத்தில் கிடப்பதால்தான் ஆறு கதிர் விழுகிறது. அடி அந்தப் படிகத்தின் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக இல்லாவிட்டால் நட்சத்திரம் விளிம்பில் போய் விழும். நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 கரட் 'ஸ்டார் ஒஃப் இந்தியா' நம் நாட்டுக் கல்தான், அதுவும் பட்டை போடாத இதே குவிந்த வடிவம்தான். உங்கள் கல்லின் தட்டையான முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து ஒற்றை டோர்ச்சை மேலிருந்து அடியுங்கள். சொட்டு தற்காலிக முதுகாக நின்று கதிர்களைக் காட்டும். காட்டினால் அத்தோடு நிறுத்தி, இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடத்தில் என்ன கல் என்று உறுதிசெய்துகொண்டு, நட்சத்திரக் கல் வெட்டிப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். நீங்களே கற்க விரும்பினால், கடுவலையில் உள்ள இரத்தினக்கல் ஆபரண ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் கல் வெட்டும் பாடநெறிகளை நடத்துகிறது. பாடசாலை விடுமுறையோடு பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

பழகுவதற்கு வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கல் போதும். பிளவுத் திசை இல்லாத கல் அது, கையின் பிழையை மட்டும் காட்டும். கல் தேடிக் கெசல்கமுவ ஓயாவில் இறங்கிவிடாதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாணிக்கக்கல் அகழ்வது குற்றம். தம்புள்ளைப் பக்கம் நாமல் உயனவின் ரோஜா நிறக் குவார்ட்ஸும் பாதுகாக்கப்பட்டது, ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் செய்து கொடுப்பதோடு நின்றால் சரி. பார்த்தவர்கள் காசு கொடுத்துக் கேட்கத் தொடங்கினால், முதல் கல்லை விற்குமுன் அதே அதிகாரசபையில் வியாபார அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.