ஃபார்மட் செய்ய வேண்டாம், கோப்புகள் அநேகமாக அப்படியே இருக்கும்

நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இயங்கவில்லை, ரெய்டு 1-இல் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளிலும் வைக்கும் முறை) இருந்த ஒரு டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து 'வேண்டாம்' கொடுங்கள். டிஸ்க் கெட்டதற்கான அடையாளம் அல்ல அது. பெரும்பாலான நாஸ்கள் லினக்ஸின் இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அதை நேரடியாகப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் நாஸின் மின் அடாப்டரைச் சந்தேகியுங்கள். மீட்டரில் 12 வோல்ட் காட்டினாலும், டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது மின்னழுத்தம் சரிந்துவிடலாம். அதே வோல்ட், அதே முனைவு (பிளஸ்-மைனஸ் அமைப்பு), குறையாத ஆம்பியர் உள்ள வேறொன்றைப் போட்டுப் பாருங்கள்.

அதிலும் நாஸ் எழவில்லையென்றால், கணினியில் உபுண்டு லினக்ஸை யுஎஸ்பியிலிருந்து 'ட்ரை' முறையில் (நிறுவாமல்) துவக்குங்கள். ஒரு டிஸ்க்கை மட்டும் செருகுங்கள். மற்றதைத் தொடவே வேண்டாம், அதுதான் உங்கள் கடைசிப் பிடி. எம்டிஅட்ம் (லினக்ஸின் ரெய்டு நிரல்) மூலம் ரெய்டை ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) எழுப்புங்கள். எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரிக்கும் அடுக்கு) இருந்தால் அதையும் ஆக்டிவேட் செய்த பிறகே வால்யூம் தெரியும். மவுன்ட் செய்வதும் (கோப்புகளைப் பார்க்க வால்யூமை இணைப்பதும்) ரீட்-ஒன்லியாகவே. இஎக்ஸ்டி4 என்றால் மவுன்ட் கட்டளையில் 'நோலோட்' என்ற விருப்பத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் ரீட்-ஒன்லியிலும் ஜர்னலில் (முடியாத மாற்றங்களின் பதிவு) இருப்பவை டிஸ்க்கில் எழுதப்படலாம். என்கிரிப்ட் செய்த ஃபோல்டர் என்றால் பழைய கடவுச்சொல்லோ கீ ஃபைலோ இல்லாமல் திறக்காது.

ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் புதிய டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நின்றுபோனால் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், முடிந்த கோப்புகளைத் தாண்டிப் போகும். டிஸ்க் டக் டக்கென்று ஒலித்தால் உடனே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்; அதற்கு வழி வேறு.