9.4 என்று எழுதிய பையனுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, வணக்கம். சனிக்கிழமை மகனின் கல்லூரிப் படிப்பு பற்றி ஆலோசனை கேட்க அவனோடு வந்து போகும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாக ஒன்று கேட்டீர்கள். "இவன் பிழைக்கத் தெரியாதவன் சார். சிவில்ல போட்டா சைட்ல முழுங்கிடுவாங்க. பேசாம கம்ப்யூட்டர் சயின்ஸ்ல தள்ளிடலாமா?" 200க்கு 178.5 கட் ஆஃப், எந்தக் கல்லூரி, எவ்வளவு ஃபீஸ் என்பதிலேயே நேரம் போய்விட்டது. அந்தக் கேள்விக்கு இப்போது நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவன் ப்ளஸ் ஒன் பிராக்டிக்கல் கதையைச் சொன்னான். தனி ஊசல் சோதனை, அதாவது நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி அளப்பது. புவிஈர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும், அவனுக்கு வந்தது 9.4. பக்கத்துப் பெஞ்சில் எல்லோரும் ஒரே நோட்டைப் பார்த்து 9.8 என்று எழுதிவிட்டார்கள். இவன் 9.4 என்றே எழுதி மார்க்கை விட்டான். அதன் பிறகு அந்தப் பையன்களோடு பேச்சையும் விட்டுவிட்டான். "எல்லாம் ஃபிராடு பசங்க சார்."

"காப்பியடிக்கிறது, மார்க்கை விடுறது, இந்த ரெண்டுதான் இருந்துச்சா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் விரலால் மேஜையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "நூல் நீளத்தைக் குண்டோட நடு வரைக்கும் அளக்கணும். நான் கொக்கி வரைக்கும்தான் அளந்தேன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. மிஸ்கிட்ட இன்னொரு தடவை செய்யவான்னு கேட்டிருக்கலாம்." அடுத்து, அந்தக் கூட்டத்தில் நெருங்கிய நண்பன் ஏன் காப்பியடித்தான் என்று கேட்டேன். தெரியவில்லை. அந்தப் பையன் விடியற்காலையில் பேப்பர் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறவன் என்று மட்டும் சொன்னான். சொல்லும்போதே அவன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அம்மா, உங்கள் மகனிடம் நேர்மை கூடிப்போய்விடவில்லை. அதற்குத் துணையாக வர வேண்டிய ஒன்றுதான் இன்னும் வளரவில்லை. அறக் கற்பனை என்று அதைச் சொல்லலாம். ஒரு சிக்கலில் எதிராளியின் இடத்திலிருந்து பார்ப்பது, கண்ணுக்குத் தெரியும் இரண்டு வழிக்கு அப்பால் மூன்றாவதாக ஒன்றைத் தேடுவது.

இது ஆளுக்கு ஆள் மாறுவதற்குப் பிறவிக் குணமும் ஒரு காரணம். புதிய கோணங்களுக்கு மனதைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழி சட்டென்று தட்டுப்படும். நேர்மையையும் பணிவையும் ஒரே பண்பாகச் சேர்த்து அளக்கும் முறை ஒன்று உளவியலில் இருக்கிறது. அதில் பணிவு என்கிற பாதியை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 'நான் மட்டும் யோக்கியன்' என்று நினைப்பவனுக்கு அடுத்தவன் நிலைமை கண்ணில் படாது.

இன்னொரு காரணம், 'நான் எப்படிப்பட்டவன்' என்று ஒருவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம். அக்வினோ, ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: நல்லவனாக இருப்பது உள்ளுக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது, அது வெளியே எவ்வளவு தெரிகிறது. அம்மா திட்டுவார் என்று பயந்து அவன் 9.4 எழுதவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. உள்ளே ஊறிய பிள்ளை. அப்படிப்பட்டவன் காதுபட 'பிழைக்கத் தெரியாதவன்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நல்ல எண்ணத்தையே அது அரித்துவிடும்.

இனி சிவிலுக்கு வருவோம். 2014 ஜூன் 28, சென்னையை ஒட்டிய மௌலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். அந்த வேலையில் ஒரு எண்ணுக்கு எவ்வளவு கனம் என்று பாருங்கள். சைட்டில் கான்கிரீட் போடும்போதே 15 சென்டிமீட்டர் கனசதுரங்களாகக் கொஞ்சம் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் மெஷினில் நசுக்கிப் பார்ப்பார்கள். பலம் குறைவாக வந்தால், "ரெண்டு பாயின்ட் கூட்டிப் போட்டுடு தம்பி" என்று சொல்ல ஆள் இருக்கும். அதுவும் 9.4, 9.8 கதைதான். அங்கே 'மாட்டேன்' என்று விறைப்பாக நிற்பது பாதி வேலை. எந்தத் தூண், எந்தத் தளம், மறுபடி எப்படிச் சோதிப்பது, கீழே படுத்துத் தூங்குகிற ஆட்களை இன்று ராத்திரி எங்கே மாற்றுவது என்று யோசிப்பது மீதிப் பாதி. முதல் பாதி அவனிடம் இருக்கிறது. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதை அந்த மேஜையிலேயே பார்த்தேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பத்திரமான இடம் என்று நினைக்கிறீர்கள். 2015இல் வோக்ஸ்வாகன் கார் கம்பெனியின் விவகாரம் வெளிவந்ததே, புகைச் சோதனை நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த நேரத்தில் மட்டும் புகையை அடக்கியது ஒரு மென்பொருள்தான். உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்கள். அதையும் யாரோ உட்கார்ந்து எழுதினார்கள். அவனுக்குக் கோடிங் பிடித்திருந்தால் தாராளமாகப் போகட்டும். தப்பித்து ஓடும் இடமாக அது வேண்டாம்.

என் கருத்து, சிவில். கவுன்சிலிங்கில் சாய்ஸ் லிஸ்ட் போடும் முன் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய், கான்கிரீட் லேபில் மாணவர்களே மெஷினை இயக்குகிறார்களா, பூட்டியே கிடக்கிறதா என்று பாருங்கள். தரக் கட்டுப்பாடு, ஸ்ட்ரக்சுரல் டிசைன் பக்கம் அவன் குணத்துக்கு ஒத்து வரும். அரசு வேலை வேண்டுமென்றால் பொறியாளர் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தும் தேர்வுகள் இருக்கின்றன.

உங்கள் தெருவில் வீடு கட்டுகிறார்கள் என்றீர்களே. மேஸ்திரியிடம் கேட்டு, தளம் போடுகிற அன்று காலையிலிருந்து அவனை அங்கே நிற்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வரும்போது, அந்தப் பேப்பர் போடும் நண்பனோடு பேசினானா என்று நான் கேட்பேன் என்பதையும் சொல்லி வையுங்கள்.