ஜெர்மனியில் முதல் கிளவுட் டெமோ: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, மியூனிக்கில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, வாடிக்கையாளருக்குக் காட்ட கிளவுடில் ஒரு டெமோ சூழலை அமைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சர்வர்களையும் வலையமைப்பையும் கோட் எழுதி உருவாக்கும் டெராஃபார்மும், அந்தச் சர்வர்களுக்குள் மென்பொருளைத் தானாக நிறுவி அமைக்கும் ஆன்சிபிளும் உங்களுக்குக் கைவந்தவை. இந்த ஊர்க்காரர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி. நியாயமான கவலை. பளபளப்பு இங்கே எடுபடாது. ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று குடைவார்கள்.

முதலில் தரவு எங்கே இருக்கிறது என்பார்கள். அமேசான் கிளவுடின் ஃபிராங்க்ஃபர்ட் மண்டலம், அதாவது அங்குள்ள தரவு மையத் தொகுப்பு, 2014 முதல் இயங்குகிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சில காசு மிச்சம் என்று அமெரிக்க மண்டலத்துக்குப் போனால், டெமோ நேரத்தில் பாதி அதற்கு விளக்கம் சொல்வதிலேயே கரைந்துவிடும். சிறிய டெமோ என்றால் நியூரம்பர்க்கிலும் ஃபால்கன்ஸ்டைனிலும் தரவு மையம் வைத்திருக்கும் ஜெர்மன் நிறுவனமான ஹெட்ஸ்னரே போதும்; டெராஃபார்ம் அதனோடும் வேலை செய்யும். எங்கே அமைத்தாலும், சோதனைதானே என்று உண்மையான வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றிவிடாதீர்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் சோதனைச் சூழலுக்கென்று விலக்கு எதுவும் தரவில்லை. கற்பனைப் பெயர்களை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எதிர்பாராத இன்னொன்று, பெட்ரீப்ஸ்ராட் எனப்படும் ஊழியர் மன்றம். ஊழியரின் நடத்தையையோ வேலைத்திறனையோ கண்காணிக்க வழிசெய்யும் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர, அந்த மன்றம் உள்ள நிறுவனத்தில் அதன் ஒப்புதல் வேண்டும். ஆன்சிபிளை இயக்கப் பயன்படும் தானியக்கத் தளங்கள் யார், எப்போது, எந்தப் பணியை இயக்கினார் என்று பதிவு செய்பவை. நீங்கள் பெருமையாகக் காட்டும் அந்தப் பதிவுத் திரையைப் பார்த்துத்தான் எதிரில் இருப்பவரின் புருவம் உயரும். பதிவுகளில் ஆள் பெயருக்குப் பதில் பொறுப்பின் பெயர் வரும்படி அமைத்து, பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதற்கும் பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அமைப்பை எளிமையாக வையுங்கள். வலையமைப்பையும் இரண்டு சர்வர்களையும் டெராஃபார்ம் எழுப்பட்டும். அவற்றுக்குள் மென்பொருளை நிறுவும் வேலையை ஆன்சிபிளிடம் விடுங்கள். டெராஃபார்ம் தான் உருவாக்கியவற்றைக் குறித்துவைக்கும் ஸ்டேட் கோப்பில் கடவுச்சொற்கள் வெளிப்படையாகவே கிடக்கலாம் என்பதால் அதை கிட் (Git) எனும் கோட் சேமிப்பகத்தில் ஏற்றாதீர்கள். 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் திறந்த மூல உரிமத்தைக் கைவிட்டது. அதிலிருந்து பிரிந்த திறந்த மூலக் கருவியான ஓப்பன்டோஃபுவைப் பற்றியும் கேட்கலாம். இரண்டு வரி பதில் போதும்.

டெமோவின் உச்சம் ஆன்சிபிளை இரண்டாம் முறை இயக்குவது. முதல் முறை எல்லாம் நிறுவப்படும். ஏற்கனவே சரியாக இருப்பதை ஆன்சிபிள் தொடாது என்பதால், இரண்டாம் முறை மாற்றங்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டும். பிறகு ஒரு சர்வரில் அமைவுக் கோப்பை அவர்கள் கண்முன்னே கையால் கெடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். கெடுத்த கோப்பு மட்டும் சரியாகும், மற்றவை அசையாது. எத்தனை ஸ்லைடு போட்டாலும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது.

செலவைப் பொறுத்தவரை, சர்வரை நிறுத்தினால் கட்டணம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். வட்டுக்குக் கட்டணம் ஓடும். உள் சர்வர்களை இணையத்தோடு இணைக்கும் நாட் (NAT) கேட்வே சும்மா இருந்தாலும் மணிக்கணக்கில் வசூலிக்கும். பொது ஐபி முகவரிக்கும் அமேசான் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும். நீங்களாகச் சொல்லிவைக்காவிட்டால் எதையும் அணைக்காது. மாலையில் டெராஃபார்மின் டெஸ்ட்ராய் கட்டளையால் மொத்தத்தையும் கலைத்துவிட்டு, காலையில் மீண்டும் எழுப்புங்கள். தினமும் அப்படிச் செய்தால் அதுவே ஒத்திகையும் ஆகிவிடும்.

வாடிக்கையாளர் அலுவலகத்தில், ஆன்சிபிள் சர்வர்களோடு பேசப் பயன்படுத்தும் 22ஆம் போர்ட் (வலையமைப்பு வாசல்) பெரும்பாலும் மூடியிருக்கும். ஆன்சிபிளை கிளவுடிலேயே ஒரு சிறு சர்வரில் வைத்து, பிரவுசர் வழியாக இயக்குங்கள். காட்டும்போது அறை அமைதியாக இருக்கும். பிடிக்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம், குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள். தெரியாத கேள்விக்கு 'முடியும்' என்று தலையாட்டிவிடாதீர்கள், அது வாக்குறுதியாகவே பதிவாகும். பார்த்துவிட்டு வியாழக்கிழமைக்குள் எழுதுகிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி புதன்கிழமையே அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் மட்டும் டெமோ வைக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். முடிவெடுக்க வேண்டியவர் பாதியிலேயே கிளம்பிவிடுவார்.