தேர்தல் வந்தால் போதுமா?

கேள்வி: கரீபியன் நாடான ஹைட்டியில் துவாலியர் குடும்பத்தின் சர்வாதிகார ஆட்சி 1986லேயே ஒழிந்துவிட்டது. தேர்தல், புதிய அரசியல் சட்டம் எல்லாம் வந்த பிறகு அங்கே வானொலிச் செய்தியாளர்களுக்கு என்ன பயம்? சும்மா பெரிதுபடுத்துகிறார்களோ? – வாசகர், திருச்சி.

பதில்: ஓட்டுப்பெட்டி வந்த ஊரில் துப்பாக்கி தானாகத் துருப்பிடித்துவிடும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. ஹைட்டியின் வானொலிச் செய்தியாளர் ழான் டொமினிக்கின் கதையைக் கேளுங்கள்.

வேளாண்மை படித்தவர். 1970களின் தொடக்கத்தில் ரேடியோ ஹைட்டியைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். அதுவரை அங்கே செய்தி என்றால் பெரும்பாலும் பிரெஞ்சுதான். அது சரளமாகப் புரிந்தவர்கள் படித்த, வசதியான ஒரு சிறு கூட்டம். இவர் செய்தியையும் பேட்டியையும் ஊரே பேசும் கிரியோலில் கொடுத்தார். அடுப்படியில், வயற்காட்டில் எல்லாம் டிரான்சிஸ்டர் பேச ஆரம்பித்தது. உள்ளூர் ஆட்சியைத் தொட முடியாதா? சரி, நிகரகுவாவில் சர்வாதிகாரி சொமோசா விழுந்த கதையை விலாவாரியாகச் சொல்வார். யாரைச் சொல்கிறார் என்று கேட்பவர்களுக்குத் தெரியும். துவாலியருக்கும் தெரிந்தது. 1980 நவம்பர் 28 அன்று நிலையத்தை அடித்து நொறுக்கினார்கள். ஊழியர்களைக் கைது செய்தார்கள். டொமினிக்கும் அவர் மனைவி மிஷேல் மோந்தாஸும் வெளிநாட்டில் வாழ வேண்டியதாயிற்று.

துவாலியர் ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, அந்த ஆட்சிக்கு நான் நற்சான்றிதழ் தரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் டொமினிக் உயிரோடு தப்பினார். 1986ல் திரும்பியபோது விமான நிலையத்தில் பெருங்கூட்டம். நிலையத்தை மறுபடி எழுப்ப ஏழை விவசாயிகள்கூடக் காசு கொடுத்தார்கள். 1991ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மறுபடி மூடல், வெளிநாடு. 1994ல் மறுபடி வருகை.

அப்புறம்தான் உங்கள் 'தேர்தல் காலம்'. டொமினிக் இப்போது தன் பக்கத்து ஆட்களையே கேள்வி கேட்டார். கலப்பட மருந்துச் சிரப்பைக் குடித்து 1996ல் 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த விவகாரத்தை விடாமல் கிளறினார். 1999 அக்டோபரில், தான் ஆதரித்த அணியிலேயே இருந்த ஒரு செல்வாக்கான முன்னாள் ராணுவ அதிகாரியை மைக்கில் பெயர் சொல்லிச் சாடினார். 2000 ஏப்ரல் 3 காலை, செய்தி வாசிக்க வந்தவரை நிலைய வாசலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். காவலாளி ழான்-குளோத் லூயிசேந்தும் செத்தார். அன்று நாட்டின் அதிபர் யார் தெரியுமா? ரெனே பிரெவால். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். டொமினிக்கின் நண்பர் வேறு! மூன்று நாள் துக்கம் அறிவித்தார்கள். அரங்கம் நிறைய இறுதி அஞ்சலி. விசாரணை மட்டும் நகரவில்லை. நீதிபதிகள் மாறினார்கள், ஒருவர் மிரட்டலுக்குப் பயந்து நாட்டை விட்டே போனார். 2014ல்தான் ஒன்பது பேரைக் குற்றம் சாட்டி ஓர் அறிக்கை வந்தது.

டொமினிக்கோடு இது நிற்கவில்லை. 2001 டிசம்பரில் பெட்டி-கோவாவ் ஊரில் பிரிக்னோல் லிந்தோர் என்ற வானொலிச் செய்தியாளரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது ஒரு கும்பல். அதையும் 'பெரிதுபடுத்தல்' கணக்கில் சேர்ப்பீர்களா?

கணவர் போன பிறகும் மோந்தாஸ் நிலையத்தை நடத்தினார். 2002 கிறிஸ்துமஸ் அன்று துப்பாக்கி ஆட்கள் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர் தப்பினார், மெய்க்காப்பாளர் செத்தார். துவாலியர் மூடியும் திறந்த நிலையம், ராணுவம் மூடியும் திறந்த நிலையம். 2003 பிப்ரவரியில், தேர்தலில் வென்ற இன்னொரு அதிபரின் ஆட்சியில், ஊழியர்களின் உயிருக்குப் பயந்து மோந்தாஸே மூடினார். அதற்குப் பிறகு அது திறக்கவில்லை.