வீட்ல உடைஞ்சு போன சாமானை வச்சு உருப்படியா ஏதாவது பண்ணியிருக்கீங்களா?

நிறைய பண்ணியிருக்கேன், பாதி சொதப்பல். பாட்டிலுக்கு பெயின்ட் அடிச்சு பூ வைக்கறது, சிடியை வெட்டி சுவத்துல ஒட்டறதெல்லாம் என் கணக்குல சேராது, ரெண்டு மாசம் போனா தூசி தட்டற வேலை தான் மிச்சம். நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு தான், இதுல எந்த பார்ட் செத்துச்சு, எது இன்னும் உசுரோட இருக்கு.

குடையை எடுத்துக்கோங்க. உடையறது பெரும்பாலும் கம்பி தான், துணிக்கு ஒண்ணும் ஆயிருக்காது. தண்ணி சுலபமா இறங்காத துணி, ஓரமும் ஏற்கனவே மடிச்சுத் தச்சது, அதைப் போய் கம்பியோட சேத்துத் தூக்கிப் போடறோம். ஒவ்வொரு கம்பி நுனியிலயும் ரெண்டு மூணு தையல், நடுவுல அங்கங்க ஒரு முடிச்சு, அவ்ளோ தான் பிடிமானம், சின்ன கத்தரியால நறுக்கிட்டு உச்சியில இருக்கற மூடியைத் திருகி எடுத்தா துணி முழுசா கையில வந்துடும் (சிலதுல மூடியை பசை போட்டு ஒட்டியிருப்பாங்க, அப்ப அந்த இடத்தை மட்டும் வட்டமா வெட்டிடுங்க). ஓரத்தை இன்னொரு மடிப்பு மடிச்சுத் தச்சு உள்ள எலாஸ்டிக் கோத்தா பேக்பேக்குக்கு மழை கவர் ரெடி. நடுவுல இருக்கற ஓட்டைக்கு அந்தக் குடையோட உறையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போட்டேன். அதுவும் ரெண்டாவது தடவை தான், முதல் தடவை ஓட்டையை மறந்து அப்படியே மாட்டிட்டுப் போய் உள்ள இருந்த நோட்டெல்லாம் ஊறிப்போச்சு.

அடுத்து செத்துப்போன ஹார்ட் டிஸ்க், பழைய கம்ப்யூட்டர்ல இருக்குமே, சுத்தற தட்டு வச்சது. உள்ள இருக்கற காந்தம் சின்னது தான் ஆனா பயங்கர பவர். ஆறு முனை நட்சத்திர வடிவ ஸ்க்ரூ டிரைவர் (டார்க்ஸ்னு கேளுங்க) வேணும், சாதா டிரைவர்ல முயற்சி பண்ணி ஸ்க்ரூ தலையைக் கெடுத்துக்காதீங்க. காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு தரையில தேய்ச்சா கீழ விழுந்த ஊசி, ஆணி எல்லாம் கவர் மேல ஒட்டிக்கும், கவரை உள்பக்கம் வெளியா திருப்பி காந்தத்தை உருவினா எல்லாம் கவருக்குள்ளயே நின்னுடும். ரெண்டு காந்தம் கிடைச்சா ஒண்ணு பக்கத்துல ஒண்ணைக் கொண்டு போகாதீங்க, நடுவுல விரல் மாட்டினா சதை நசுங்கிடும், எனக்கு நகம் கறுத்துச்சு.

சொதப்பினது பக்கெட். விரிசலுக்கு சூப்பர் க்ளூ போட்டேன், மறுநாளே பெயர்ந்து வந்துடுச்சு. அப்புறம் தான் தெரிஞ்சது, அடியில முக்கோணத்துக்குள்ள 2, இல்ல 5னு நம்பர் இருந்தா அது எச்டிபிஇ, இல்ல பாலிப்ரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக் வகை, சாதா பசை எதுவும் அதுல ஒட்டாது. விரிசல் முடியற இடத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டா அதுக்கு மேல ஓடாது, பிறகு சால்டரிங் அயனால (ஈயம் உருக்கிப் பத்த வைக்கற சூட்டுக்கோல்) மெல்லிசு கம்பியை குறுக்க குறுக்க வச்சு அமுக்கி உருக்கினேன், ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் தான், புகை ஆகாது. ஆனாலும் கசிஞ்சது. சரி போனு இன்னும் நாலு ஓட்டை போட்டு மண்ணு நிரப்பி செடி வச்சாச்சு.

மைக்ரோவேவை மட்டும் தொடாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல (கரண்ட்டை சேத்து வைக்கற பார்ட்) சார்ஜ் நிக்கலாம், 2000 வோல்ட் கணக்குல ஓடற சாமான், ஆளையே முடிச்சிடும். உப்பின பேட்டரியும் அப்படித்தான், நோண்டவே கூடாது.

இப்ப ஒரு டேபிள் ஃபேன் கெடக்குது, மோட்டார் எரிஞ்சுடுச்சு. முன்னாடி கிரில்லைக் கழட்டி சுத்தி கிளிப் கட்டினா சாக்ஸ் காயப்போடலாம், அம்மா பழைய சாமான்காரர்கிட்ட தூக்கிக் குடுக்கறதுக்குள்ள கட்டிடணும்.